உயிர் கருவியாகுமோ? – அரிஸ்டாட்டில் கொள்கை பற்றிய ஓர் ஆராய்ச்சி

சேக்கிழார் பெருமானது குருபூசைத் திருநாளாகிய வைகாசிப் பூசத்தன்று குன்றத்தூர் சென்று வழிபட்டு, மாலையில் ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் காஞ்சிமாநகர்க்குப் பேருந்திற் சென்றுகொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் இளைஞர் ஒருவர் ஏறி என் பக்கத்தே அமர்ந்தார். கழுத்தில் ஆலையின் அடையாள அட்டையும் நெற்றியிற் கலைந்த திருநீறும் உடையராய் இருந்தார். ஒரகடத்தில் மோட்டார் வண்டிக்குரிய உறுப்புக்கள் செய்யும் ஆலையொன்றில் அவர் ஒப்பந்தத் தொழிலாளர் என்பதும், இளமையில் தம் ஊர்க் கோயில் ஓதுவாரிடம் திருமுறை பயின்றவர் என்பதும் உரையாடலிற் புலனாயின. என் மடிமேலிருந்த சிவஞானபோத நூலை நோக்கி அவர், "ஐயா, எங்கள் ஆலையில் இயந்திரம் பழுதுற்றால் அதனைப் பார்க்க ஆள் வருகிறார்; நான் பழுதுற்றால் எனக்கு மாற்றாக ஆள் வருகிறார். உங்கள் சித்தாந்தம் என்னை எதில் வைத்து எண்ணுகிறது? கருவியிலா, உயிரிலா?" என்று வினவினார். "உயிரில்தான், தம்பி" என்றேன். அவர் சிறிது முறுவலித்துத் தம் ஊர் வந்ததும் இறங்கிச் சென்றார். சொல்லளவில் நின்ற அவ்விடை எனக்கே நிறைவு தந்திலது.

இவ்வினாவை ஏறக்குறைய இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே ஒரு பேரறிஞர் எடுத்து ஆராய்ந்து, நம் விடைக்கு முற்றும் மாறான விடையை இறுத்தார். அவர் யவன தேயத்து அரிஸ்டாட்டில். மறுக்கற்பாலதாகிய கொள்கையையும் அதனை உடையார் கூற்றாகவே முதலிற் செவ்விதின் நிறுவிப் பின்னர் மறுத்தல் நம் ஆசிரியன்மார் மரபு. சிவஞானசித்தியார் பரபக்கம் அம்மரபிற்குச் சான்று. அந்நெறி பற்றி அவர் வரலாற்றையும் கொள்கையையும் முதற்கண் கூறுவாம்.

அரிஸ்டாட்டில் கி.மு. 384-இல் யவன தேயத்தின் வடபாலுள்ள ஸ்டாகிரா என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நிக்கோமாக்கஸ், மாசிடோனிய மன்னன் அமிந்தாஸின் மருத்துவர். பதினேழாம் வயதில் ஆதென்ஸ் நகரம் அடைந்து பிளேட்டோவின் கழகத்திற் சேர்ந்து, ஆசிரியர் கி.மு. 347-இல் மறையுமளவும் ஏறத்தாழ இருபதாண்டு ஆண்டிருந்து பயின்றார். பின்னர் ஆசியக் கரையிலுள்ள ஆசஸ் நகரில் ஹெர்மியாஸ் என்னும் தலைவனுடைய நட்பைப் பெற்று, அவன் உறவினளாகிய பிதியாஸை மணந்தார். இந்த ஹெர்மியாஸ் முன்னர் அடிமையாய் இருந்து பின் ஆட்சி எய்தியவன் என்பது யவனரிடை வழங்கிய வரலாறு. இதனை நினைவிற் கொள்க. கி.மு. 343-இல் மாசிடோனிய இளவரசனாகிய அலெக்சாந்தருக்கு ஆசிரியராயினார். கி.மு. 335-இல் ஆதென்ஸ் மீண்டு லைசியம் என்னும் சோலையில் தம் பள்ளியை நிறுவினார். அளவை நூல், அறநூல், அரசியல் நூல், உயிர்நூல், வானூல் என அவர் கைவைக்காத துறை அரிது. கி.மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்தபின் மாசிடோனியர்பால் எழுந்த பகை அவர்மேலும் திரும்பிற்று. ஹெர்மியாஸைப் புகழ்ந்து அவர் பாடிய பாட்டையே காரணமாக வைத்துத் தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டினர். சாக்ரடீஸைக் கொன்ற நகரம் மெய்ந்நூலுக்கு மீண்டும் ஒருமுறை பிழைசெய்ய இடங்கொடேன் எனக் கருதி அவர் கால்சிஸ் என்னும் ஊர்க்கு நீங்கி, அடுத்த ஆண்டில் ஆண்டே உயிர் நீத்தார்.

அவர் கொள்கைகளுள் நம் நூலோடு மிக நெருங்கி வருவது காரண ஆராய்ச்சி. ஒரு பொருள் எதனாலாயது, எவ்வடிவினது, எதனால் இயற்றப்பட்டது, எப்பயன் கருதியது என நான்கு வகையாற் காரணம் வினவுதல் வேண்டும் என்பர். நம்மவர் குடத்துக்கு மண்ணை முதற்காரணம் என்றும், தண்ட சக்கரங்களைத் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்தகாரணம் என்றும் வகுப்பர். உலகிற்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்தம். அரிஸ்டாட்டில் கருவியைத் தனிக் காரணமாக எண்ணாது, பயனை நோக்கிச் செல்வார்க்கு இடையில் உதவுவனவற்றுள் அடக்கினர். கருவி பிறிதொன்றன் பொருட்டு உள்ளது, தன்பொருட்டு உள்ளதன்று. இவ்வளவில் இரு திறத்தார்க்கும் வேற்றுமை இல்லை. கருவி யாது, பயன் கொள்வார் யாவர் என்னும் இடத்தேதான் வழி பிரிகின்றது.

'அரசியல்' என்னும் நூலின் முதற் பகுதியில், இல்லம் நடத்துவார்க்கு வேண்டும் கருவிகளை உயிரில்லன, உயிருள்ளன என அவர் இரண்டாகப் பகுத்தார். மீகாமனுக்குச் சுக்கான் உயிரில் கருவி; முன்னின்று கடலை நோக்கி அறிவிக்கும் ஆள் உயிருள்ள கருவி. அவ்வாறே அடிமை உயிருள்ள உடைமையாம். சிலர் பிறர் அறிவை அறிந்துகொள்ளும் அளவிற்கே அறிவுடையர், தாமே ஆராய்ந்து துணியும் ஆற்றல் இல்லாதவர், ஆதலின் இயற்கையானே அடிமைகள் என்பர். இன்னும் ஒன்று கூறினர்: நாடா தானே நெய்யுமாயின், யாழ்நரம்பை மீட்டும் கோல் தானே மீட்டுமாயின், தலைத்தொழிலார்க்கு ஏவலாளரும் தலைவர்க்கு அடிமைகளும் வேண்டப்படார் என்று. அந்நூலிலேயே பிறிதோரிடத்து, சிறந்த நகரம் கைத்தொழிலாளரைக் குடிமகனாக ஏற்காது, அவ்வாழ்க்கையில் அறம் பயில ஒண்ணாது எனவும் கூறினர்.

அடிமைமுறை மாந்தர் வகுத்த சட்டமேயன்றி இயற்கையன்று என்பார் அவர் காலத்தே உளர் என்பதை அவரே மறையாது குறித்தனர். அறநூலில், அடிமையென்ற அளவில் அவனோடு நட்பு இயலாது, மனிதனென்ற அளவில் இயலும் எனவும் கூறினர். இங்கே அவர் கொள்கை தானே நெகிழ்கின்றது. ஒருவனே நட்பிற்குரிய மனிதனும் நட்பிற்காகாத கருவியும் ஆதல் எங்ஙனம்? கருவியாதல் அவன் இயல்பாயின் மனிதனென்ற அளவிலும் நட்பு இயலாதாகும். மனிதனென்ற அளவில் இயலுமெனின், கருவியாதல் அவன் இயல்பன்று, அவனைப் பயன்கொள்வான் பார்வையின் கோளாறேயாம். ஹெர்மியாஸின் நண்பராய் வாழ்ந்தவர்க்கு இது தோன்றாமற்போனமை இரங்கத்தக்கது.

இனி, நாடா தானே நெய்யுமாயின் என்ற அவர் கூற்றைச் சோதித்தற்கு நாம் கற்பனை செய்ய வேண்டுவதில்லை. அவ்விளைஞர் வேலைசெய்யும் நிலப்பகுதிக்குச் சென்றாற் போதும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் 1998-இல் கார் செய்யத் தொடங்கினர். 2006-இல் நோக்கியா நிறுவனத்தாரின் கைப்பேசி ஆலை அங்குத் தொடங்கிற்று. 2010-இல் ரெனோ, நிசான் நிறுவனத்தாரின் கார் ஆலை ஒரகடத்திலே எழுந்தது. ஏரியும் வயலும் இருந்த ஊர்களில் இன்று ரோபோ என்னும் இயந்திரக் கைகள் தாமே நீண்டு, தாமே வளைந்து, தகட்டோடு தகட்டைப் பற்றவைக்கின்றன. நாடா தானே நெய்கின்றது. ஆயினும் ஏவலாளர் வேண்டாராயினரோ? விடியுமுன்னும் நள்ளிரவிலும் ஆலைப் பேருந்துகள் ஆயிரக்கணக்கான இளைஞரை ஏற்றி இறக்குகின்றன. இயந்திரத்தின் விரைவிற்குத் தம் கையின் விரைவை ஒப்புவித்து அவர் நிற்கின்றனர். 2014-இல் அக்கைப்பேசி ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

கருவியின் குறையே அடிமைக்குக் காரணமாயின், கருவி நிறைந்தவிடத்து அந்நிலை நீங்குதல் வேண்டும், நீங்கிற்றிலது. ஆகலின் அதன் காரணம் வேறு. அதனைச் சித்தாந்தம் ஆணவமலம் என்று பெயரிட்டுக் கூறும். தன் பயனையே முடிந்த பயனாக எண்ணி, ஏனைய உயிர்களையும் அப்பயனுக்கு இடையுதவியாகக் காணும் இருள் அது. நாடாவைத் திருத்துவதால் அவ்விருள் நீங்காது. யவன அறிஞர் புறத்தே கருவியிற் கண்ட குறை, அகத்தே கருத்தாவினிடத்து உள்ளது. அஃது அவர்க்குப் புலப்படாமைக்கும் அம்மலமே காரணம் என்க.

உயிர் கருவியன்மையை நம் நூல் எங்ஙனம் நிறுவுகின்றது? சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் உயிர் உண்மையைப் பல ஏதுக்களான் நாட்டும். அங்கே மெய்கண்டார் உடம்பையே மாயையின் இயந்திரம் என்றும், அதனுள் உயிர் வேறாய் உளது என்றும் காட்டினர். எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே நம் ஆசிரியர் இயந்திரத்தையும் உயிரையும் ஒருங்கு வைத்துப் பிரித்துக் காட்டியது வியக்கற்பாலது. என் கை நோகின்றது என்பான் கையின் வேறாவன். வலிக்கின்ற கையை உடையவன் ஒருவன் உளன். பற்றவைக்கும் இயந்திரக் கைக்கு அங்ஙனம் உடையான் ஒருவன் உள்ளே இல்லை. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்க்கு இறைவன் அளித்தவை. கருவியெல்லாம் உயிர்ப்பொருட்டு, உயிர் எக்கருவியின் பொருட்டும் அன்று. பயன்கொள்வானைக் கருவிகளுள் ஒன்றாக எண்ணுதல், உண்பானை உணவுப் பண்டத்தோடு சேர்த்து நிறுத்தல் போலும்.

அற்றேல், உயிர் தானே அறியமாட்டாது, இறைவன் அறிவிக்க அறிவது. ஆதலின் அதுவும் அவன் கைக்கருவியே அன்றோ எனின், அற்றன்று. ஐந்தொழிலும் இறைவன் தன்பொருட்டுச் செய்வன அல்ல. உயிர்கள் மலம் நீங்கி வீடுபெறற் பொருட்டே செய்வன. அவனுக்கு உயிராற் பெறும் ஊதியம் ஒன்றும் இல்லை. உயிரின்கண் முழு உரிமையுடைய இறைவனே அதனைத் தன் ஊதியத்துக்குக் கருவியாகக் கொள்ளானாயின், உரிமை சிறிதும் இல்லாத மனிதன் கொள்ளுதல் யாண்டுப் பொருந்தும்? மும்மலமும் உடைய உயிரைச் சகலர் என்போம். முதலாளியும் சகலரே, தொழிலாளியும் சகலரே. இயற்கையான் ஆண்டானும் இயற்கையான் அடிமையும் என்னும் பகுப்பு அங்கே இல்லை.

நாமும் நம்மை அடிமை என்றும் ஆள் என்றும் கூறிக்கொள்கின்றோமே எனின், உண்மையே. ஆயின் நம் ஆண்டான் செய்தது யாது? திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி நம்பியாரூரரை அடிமை கொண்டவன், அவர்க்குத் தோழனாகித் திருவாரூர்த் தெருவில் நள்ளிரவில் பரவையார் மனைக்கு அவர்பொருட்டுத் தூது நடந்தான். மதுரையிலே வந்தியின் பிட்டுக்குக் கூலியாளாகி மண் சுமந்தான். அக்கூலியாள்மேற் பட்ட பிரம்படி அரசன் முதலாக எல்லா உயிர்மேலும் பட்டது. இவ்வாண்டானுக்கு ஆட்பட்டவர் பிறிதொருவர்க்கு ஆட்படார். பல்லவ மன்னன் அழைப்பிற்கு நாவுக்கரசர் இணங்காமை இதுபற்றியே. சிவனுக்கு அடிமை என்னும் சொல், மனிதன் மனிதனை அடிமைகொள்ளும் உரிமையை வேரொடு களைவதாகும்.

இன்னும், அத்தொழிலாளர் துன்பம் அவர் வினைப்பயன், அதற்கு யாம் என் செய்வேம் என்று கூறுவாரும் நம்முள் உளர். வினைப்பயனை உயிர்க்கு ஊட்டுவான் இறைவன் ஒருவனே. அவ்வதிகாரத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் மனிதன், பிறர் பழவினையைக் காட்டித் தனக்குப் புதிய ஆகாமியத்தையே ஈட்டுகின்றான். பசித்தவன் பசி அவன் வினை எனக் கூறி உணவை மறுத்தவன், அம்மறுப்புத் தன் வினையாதலை மறந்தான்.

யவனரை மறுத்துவிட்டு நாம் தூயோம் என இருத்தலும் ஆகாது. 1201-ஆம் ஆண்டினதாகிய திருப்பாம்புரக் கல்வெட்டொன்று, பஞ்ச காலத்தில் வேளாளர் ஒருவர் தம் பெண்மக்கள் இருவரோடு தம்மைக் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைக் கூறுகின்றது. அவர் உயிர்தப்பினர் என்று அமைதி கூறலாம். ஆயினும் பிட்டுக்கு மண் சுமந்தான் சந்நிதியில் அவ்விலையை எழுதிவைத்தவர் நம்மவரே. 1843-ஆம் ஆண்டுச் சட்டமும், கொத்தடிமையை ஒழித்த 1976-ஆம் ஆண்டுச் சட்டமும் அரசினர் செய்தவை. மெய்ந்நூல் சரியாக இருந்தும் கைப்பிழை நேர்ந்தது நம்மிடத்தும் உண்டு. இன்றும் நம் மடங்களிலும் கோயில்களிலும் ஒப்பந்தக் கூலிக்குத் தளம் கழுவுவார் உளர்; அவர் பெயர் நம்முள் எத்துணைப் பேருக்குத் தெரியும்?

கைத்தொழிலாளர்க்கு அறம் இயலாது என்றவர்க்கு விடை குன்றத்தூரிலே பிறந்தது. சோழர் அமைச்சராய் உயர்ந்த சேக்கிழார், தாம் பாடிய திருத்தொண்டர் புராணத்தில் மன்னரோடு ஒப்ப, தில்லையிற் குயத்தொழில் செய்த திருநீலகண்டரையும், அறுவை நெய்த நேசரையும், ஒற்றியூரில் எண்ணெய் விற்ற கலியரையும், நாகையிற் பரதவராகிய அதிபத்தரையும் வைத்தார். காஞ்சியில் ஆடை வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், குளிரால் நடுங்கிய அடியவரது கந்தையை மாலைக்குள் உலர்த்தித் தருவேன் எனச் சொல்லி வாங்கினார். மழை நில்லாமையின் அச்சொல் தவறுமே என ஆற்றாது, துணி ஒலிக்கும் கல்லிலே தலையை மோதப் புகுந்தார். இறைவன் திருக்கை அங்கே தோன்றிப் பிடித்துக்கொண்டது. அவர் அறம் பயின்ற இடம் அக்கல்லே. தொழிலினின்றும் நீங்கி வேறிடத்துச் சென்று பயின்றாரல்லர். ஆலைகள் நிறைந்த இந்நெடுஞ்சாலை ஒரு முனையிற் சேக்கிழார் ஊரை அணுகி, மறுமுனையில் இத்தொண்டர் ஊரை அணுகுகின்றது. இடைநின்ற உயிர்களைக் கருவியென்பார்க்கு இவ்விரண்டு ஊரும் சான்று பகர்ந்து நிற்கும்.

எனினும் ஓர் அச்சம் உண்டு. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல. நாள்தோறும் இயந்திரத்தையே சார்ந்து, உறக்கமும் உணவும் பேச்சும் அதன் மணிக்கணக்கிலே அடங்கிய உயிர், தன்னையும் இயந்திரமென எண்ணத் தலைப்படும். அவ்விளைஞரது வினாவில் யான் கேட்டது இவ்வச்சத்தையே. ஆயினும் அவ்வண்ணம் இன்னும் முற்ற ஏறிற்றிலது என்பதற்கும் சான்று உண்டு. 2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றபோது, அவர் நிலை யாதென அறியாத பெண் தொழிலாளர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலே திரண்டு அமர்ந்து, தம் தோழியரைப் பற்றிக் கேட்டனர். 2024-இல் சுங்குவார்சத்திரத்து ஆலையொன்றில் ஆயிரவர்க்கு மேற்பட்டோர், தமக்கென ஒரு சங்கம் வேண்டுமென ஒரு திங்களுக்கு மேலும் வேலை நிறுத்திக் காத்திருந்தனர். அவற்றின் வழக்கு நியாயங்களை ஆராய்தல் இக்கட்டுரையின் பொருளன்று. ஒரு கருவி மற்றொரு கருவியின் நலத்தை வினவாது என்பதும், தம்முட் கூடி ஒரு சொல் சொல்ல விழையாது என்பதும் மட்டுமே ஈண்டு வேண்டுவன. இச்சையும் ஞானமும் கிரியையும் உடையது எதுவோ, அதுவே அங்ஙனம் கேட்டது.

இறுதியாக அரிஸ்டாட்டிலுக்கும் நீதி செய்தல் வேண்டும். அவர் எழுதிவைத்த இறுதிமுறி இன்றும் கிடைக்கின்றது. அதில் தமக்கு ஏவல் செய்தாருள் சிலரைப் பெயர் சொல்லி விடுதலை செய்யுமாறு பணித்தார். தமக்குப் பணிசெய்த இளையரில் ஒருவரையும் விற்றலாகாது, உரிய பருவம் எய்தியபின் தகுதி நோக்கி விடுவிக்க எனவும் விதித்தார். அடிமையை உயிருள்ள கருவி என்று எழுதிய கையே அம்முறியையும் எழுதிற்று. சுக்கானுக்கு விடுதலை எழுதுவார் எவரும் இலர். ஆகவே தம் இல்லத்தில் நடமாடியோர் கருவிகள் அல்லர் என்பதை, நூலெழுதும்போது அறியாதவர், சாக்காட்டின் அணிமையில் ஒருவாறு உணர்ந்தார் எனக் கொள்ளலாம். அவ்வுணர்ச்சி வருதற்கு இறுதிநாள் வரை காத்திருத்தல் சிவநெறியார்க்கு அழகன்று.

ஆலை உடையராயினும், மடத்தின் நிலம் உடையராயினும், ஒரு சமையலாளை வைத்திருப்பவராயினும், நம்மவர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டியது ஒன்று: நம்மிடம் தொழில் செய்வார் ஒருவர் நோயால் வாராத நாளில், நாம் முதற்கண் கேட்பது மாற்று ஆளையா, அவர் நலத்தையா? மாற்று ஆள் வேண்டுவதே; அதனை மறுக்கவில்லை. எதனை முதலிற் கேட்கின்றோம் என்பதிலே நாம் அவரை எதில் வைத்து எண்ணுகின்றோம் என்பது தெரிந்துவிடும். பேருந்திற் கண்ட அத்தம்பிக்கு அன்று யான் சொன்ன விடை தவறன்று. ஆனால் அதனை மெய்யாக்க வேண்டியவர் அவரல்லர், நாமே.

திருச்சிற்றம்பலம்.